இறங்காத மேடு

வியாழக்கிழமை காலை, பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்குச் சீமையில், சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே போகும் ஒரு சாலையின் மேட்டில் கிஷன் மிதிவண்டியில் ஏறிக்கொண்டிருந்தான். பாதி மேட்டில் நின்றான். நின்றவன் அதன் பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மறுநாள் வேறோர் ஊரிலிருந்து, ஒன்றுமே நடவாதது போலப் புறப்பட்டுவிட்டான்.

"இதுதானுங்க அந்த எடம்" என்று ராமாமணி அம்மாள் டேப்லெட்டின் கண்ணாடியைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினார்.

கிளமென்ட் எட்டிப் பார்த்தான். வரைபடத்தின் மேல் சிவப்புக் கோடொன்று வளைந்து வளைந்து போயிருந்தது. அதன் அடியில், மேடு பள்ளங்களைக் காட்டும் மற்றொரு கோடு, புதிதாகத் தையல் பழகுகிறவர் போட்ட இழைபோல ஏறி இறங்கி, ஓர் ஏற்றத்தின் நடுவில் அறுந்து கிடந்தது. அவ்விடத்தில் வீடு இல்லை, கடை இல்லை, ஒதுங்குவதற்கு ஒரு மரநிழல்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

கோயமுத்தூரில், ஆர்.எஸ்.புரத்து அந்த வீட்டின் வரவேற்பறையில் ஆடிக் காற்று சன்னல் கதவுகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கிளமென்ட்டின் வலது முழங்காலும் அதற்கு ஈடாக ஆடியது. அவனுக்கு எதிரே, இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, துப்பறியும் பெண்மணி ஜெயக்கொடி அமர்ந்திருந்தார். இன்சூரன்ஸ் நிறுவனமொன்றில் பொய்யான கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு சுங்கம் பகுதியில் ஒரு மாடியறையை அலுவலகமாக்கிக்கொண்டிருந்தார். கிளமென்ட் அவருக்கு உதவியாளன், காரோட்டி, அவரே அன்புடன் குறிப்பிடுவதுபோல, 'அணைக்க முடியாத ரேடியோ'.

"போன வருசம் புடிச்சு இதே பேச்சுதானுங்க" என்றார் ராமாமணி. "அந்த ஊரு ரோடு மேடா வரும், ஒடனே பள்ளமா வரும், மறுபடி மேடா வரும், ஓட்டிக்கிட்டே இருக்கலாம்மான்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனான். அதுக்குன்னே நம்ம கிணத்துக்கடவுப் பக்கத்து ரோட்டுல ஏறி எறங்கிப் பழகிக்கிட்டான். போறப்ப இந்தப் பலகையில பாக்கறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுத்தான். நான் ஓட்டறதெல்லாம் இதுல வரும்மா, நீ சோபாவுல இருந்துக்கிட்டே எங்கூட வரலாம்னான்."

"வருதுங்களா?" என்று கேட்டார் ஜெயக்கொடி.

"கோடு வருது. போட்டோ வருது. அதுல ரோடு இருக்குது, பூ இருக்குது, குன்னு மேல சர்ச்சு இருக்குது. பையன் இல்ல. மெசேஜ் வருது, 'நல்லா இருக்கேன் அம்மா, சிக்னல் சரியில்ல'ன்னு. குரல் வரலீங்க. போயி ஒரு மாசமாச்சு, ஒருக்காக்கூடக் குரல் வரல."

"வெளிநாடு போனா அப்படித்தானுங்கம்மா" என்று கிளமென்ட் தேற்ற முயன்றான். "எங்க சித்தப்பா பையன் துபாய் போனவன், அவனைப் பேச வைக்கறதுக்கே ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டியதாப் போச்சு."

ஜெயக்கொடி அவனைத் திரும்பிப் பார்த்தார். ரேடியோ அணைந்தது.

"இன்னொண்ணு இருக்குதுங்க" என்று ராமாமணி தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க. சொந்தக்காரங்க அத்தனை பேரும் சிரிச்சுப்போட்டாங்க."

"சொல்லுங்கம்மா. சிரிப்பு வந்தா இவனை வெளிய அனுப்பிடறேன்."

"அவன் பேக்கரியில நிக்கலீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"இங்க சைக்கிள் எடுத்துட்டுப் போனா ஊருக்கு ஒரு பேக்கரியில நிக்கோணும் அவனுக்கு. டீ, பப்ஸு, தேங்கா பன்னு. கிஷன்கூட சைக்கிள்ல போனா எடை கூடும்னு கூட்டாளிக எல்லாம் கேலி பேசுவாங்க. அந்த ஊருல தெருவுக்குத் தெரு பேக்கரியாமுங்க. இந்தப் படத்துலயே பேரு போட்டுக் காட்டுது, பாருங்க. எல்லாத்தையும் தாண்டித் தாண்டிப் போறான். அது எம்பையன் இல்லீங்க, அம்மணி."

கிளமென்ட்டின் முழங்கால் தானாக நின்றது.

ராமாமணி டேப்லெட்டை மூடி மடியில் கவிழ்த்துக்கொண்டார். "நாலு வருசத்துக்கு முந்தி எங்க வீட்டுக்காரரு அரங்கசாமி, மில்லு வேலையா மதுரை போயிருந்தாரு. லேசாக் காய்ச்சல், வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லித்தான் என்னையக் கூட்டிட்டுப் போனாங்க. வழிநெடுகச் சிரிச்சுப் பேசிக்கிட்டே வந்தாங்க. போயி எறங்கினா, மாலை போட்டு வெச்சிருக்காங்க. நல்ல மனசோடதான் மறைச்சாங்க, நான் தாங்கமாட்டேன்னு. அந்த மறைச்சதைத்தான் இன்னிவரைக்கும் என்னால தாங்க முடியல."

வாசற்கதவருகே ஒரு துணிப்பை தயாராக இருந்தது. நாளைக் காலை அந்த அம்மாளுக்கு இருதய அறுவைச் சிகிச்சை. இன்று பொழுது சாய்வதற்குள் மருத்துவமனையில் சேர்ந்தாக வேண்டும்.

"எம்பையன் உசுரோட இருக்கானா இல்லியா? அதைத் தெரிஞ்சுக்காம நான் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேனுங்க. டாக்டர் என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும்."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றார் ஜெயக்கொடி. எழுந்தவர், ஏதோ நினைவு வந்தவர்போலக் கேட்டார். "உங்க மருமகளைக் காணோமே?"

"ஹாரிகாவா? தோப்புக்குப் போயிருக்கா. கிணத்துக்கடவுல நம்ம தென்னந்தோப்புல காய் வெட்டு நடக்குது. அவன் இல்லாத கொறை தெரியக்கூடாதுன்னு அவளே போயிப் பாத்துக்கறா."

"இன்னிக்குமா?"

"அவன் போன நாளா தெனமுமே போறாளுங்க. பாவம், அலைச்சல்ல எளைச்சே போயிட்டா."

சுவரில் ஆறடி உயரக் கிஷன், அதற்கேற்ற உயரமான மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைத் தாண்டி வெளியே வருவது கிளமென்ட்டுக்கு அத்தனை எளிதாக இருக்கவில்லை.

*

"ஊருக்குள்ள இருந்துக்கிட்டே பிரான்ஸ்ல ஓட்ட முடியுமுங்களா?" என்று ஜெயக்கொடி கேட்டார்.

மிதிவண்டிக் கடைக்காரர் அன்புமணி அதை வேடிக்கையான கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "ஓ, ஓட்டலாமுங்களே! மழை வந்துட்டா நம்ம கஸ்டமருங்க பாதிப் பேரு சுவிட்சர்லாந்துலதான் இருக்காங்க. ஏனுங்க தம்பி, இதுல ஏறி உக்காருங்க."

கடையின் மூலையில் ஒரு மிதிவண்டி, பின்சக்கரம் கழற்றப்பட்டு, கனத்த இரும்புத் தாங்கி ஒன்றில் பூட்டப்பட்டிருந்தது. அதன் பெயர் ட்ரெய்னர் என்று அன்புமணி அறிமுகம் செய்துவைத்தார். எதிரே ஒரு திரை. கிளமென்ட் ஏறி மிதித்ததும் திரையில் பசும்புல்வெளிச் சாலையொன்று அவனை நோக்கி ஓடிவந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை விட்டு ஜெயக்கொடிக்கு டாட்டா காட்டினான். அடுத்த கணம் மிதிகட்டை கல்லாய் இறுகிவிட்டது.

"யாருங்க பின்னாடி புடிச்சு இழுக்கறது?"

"அதாங்க மேடு. படத்துல மேடு வந்தா மிஷின் இறுக்கிப் புடிக்கும். எறக்கம் வந்தா விட்டுரும்."

"எறக்கம் எங்கிருக்குதுங்க?"

"இன்னும் ரெண்டு மைல் இருக்குது தம்பி."

கிளமென்ட் இரண்டு மைலுக்கு முன்னதாகவே இறங்கிவிட்டான். "மேடம், இதுல ஓட்டறதுக்குப் பதிலா நான் நேராவே பிரான்ஸ் போயிடறேன்."

"இப்படி ஓட்டினது, அசல் பிரான்ஸ் ரோட்டுல ஓட்டினமாதிரியே வரைபடத்துல விழுமுங்களா?" என்று கேட்டார் ஜெயக்கொடி.

"அச்சு அசலா விழும். நிஜ ரோட்டைப் படம் புடிச்சுத்தானே போட்டிருக்காங்க. அடியில 'நிஜ ஓட்டம் இல்ல'ன்னு ஒரு வரி வரும். அதையும் ஒரு தட்டுத் தட்டினா மாத்திப்போடலாமுங்க."

"கிஷன் இப்படி ஒண்ணு வாங்கினாரா?"

அன்புமணி கையெடுத்துக் கும்பிட்டார். "கிஷன் அண்ணனா? இதைக் கண்டாலே ஆகாது அவருக்கு. நின்ன எடத்துலயே சுத்தறதுக்குப் பேரு கிரைண்டருய்யா, சைக்கிள் இல்லைன்னு சொல்லிப்போட்டுப் போவாரு."

"கடைசியா வாங்கினது யாரு?"

"ஒரு அம்மணிங்க. கிஷன் அண்ணன் பிளைட் ஏறின வாரம்தான். ஸ்கூட்டர்ல வந்தாப்ல துப்பட்டாவை மொகம் முழுக்கச் சுத்திக்கிட்டு, கூலிங் கிளாஸும் போட்டிருந்தாங்க. மிஷினைப் பத்தி ஒண்ணும் கேக்கல. ஒசரமான சைக்கிள்ல சீட்டை எப்படி எறக்கறதுன்னு மட்டும் ரெண்டு வாட்டி கேட்டாங்க."

வெளியே வந்து காரில் ஏறியதும் கிளமென்ட் வழக்கை முடித்துவைத்தான்.

"தெளிவாப் போச்சுங்க மேடம். கிஷனுக்கு இந்த ஊர்லயே இன்னொரு அம்மணி. பொண்டாட்டிக்கு பிரான்ஸ், இவருக்கு ஊட்டுக்குள்ளயே ஹனிமூன். பொழுதுபோகாதப்போ ரெண்டு மிதி மிதிச்சு அம்மாவுக்குக் கோடு அனுப்பிடறாரு. எனக்குத் தெரிஞ்சு அவங்களோட மூடின மில்லு காரமடையில இருக்குது. அதுல கெஸ்ட் ஹவுஸ் இருக்குதாம். வண்டியைத் திருப்பட்டுங்களா?"

"சீட்டை எதுக்கப்பா எறக்கணும்?"

"அந்த அம்மணியும் ஆசைக்கு ஒரு ரவுண்டு ஓட்டுமுங்க."

ஜெயக்கொடி பின்னிருக்கையில் கிடந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். "பசிக்குது. உன் டிபனா இது?"

"வேண்டாமுங்க மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் அதற்குள் ஒரு விள்ளல் தோசையை வாயில் போட்டுவிட்டிருந்தார். கண்கள் சுருங்கி, தோள்கள் குறுகி, உடம்பு ஒரு முறை சிலிர்த்து அடங்கியது.

"என்னப்பா இது? இவ்வளவு புளிப்பு!"

"வியாழக்கிழமை மாவுங்க. தங்கச்சி ஜோவிதா ஊறவெச்ச அரிசியைக் குண்டாவோட தூக்கிக்கிட்டு பஸ் ஏறி எங்கூட்டுக்கு வந்துட்டா. அவ ஊட்டுக்கும் எங்கூட்டுக்கும் சேத்து ஒரு ஊருக்கே ஆட்டிப்போட்டா. வெள்ளி, சனி, ஞாயிறு, இன்னிக்குத் திங்கள்... எனக்கு இப்ப ரத்தத்துலயே மாவுதானுங்க ஓடுது."

"அவளோட கிரைண்டருக்கு என்ன ஆச்சு?"

"கிரைண்டருக்கு என்னங்க கேடு? மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்புன்னு கரண்ட்டை நிறுத்துவாங்கல்ல, அது. காலையில நிறுத்தினது பொழுது எறங்கித்தான் வந்துச்சாம்."

ஜெயக்கொடி டப்பாவை மிகுந்த மரியாதையுடன் மூடினார். காற்று காரின் மேல் சருகுகளை வாரியிறைத்துக்கொண்டிருந்தது.

"கிளமென்ட், மேட்டுல ஏறினவன் ஒண்ணு மேல போகணும், இல்ல கீழ வரணும். ரெண்டும் இல்லாம அந்தரத்துல காணாமப் போனா, அந்த சைக்கிளு மேட்டுலயே இல்லைன்னு அர்த்தம். சரி, நின்ன எடத்துல சுத்தற கிரைண்டர் பாதியில எதுக்கு நிக்கும்?"

கிளமென்ட் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடியும் திறந்தான்.

"கரண்ட்டு!"

"உன் தங்கச்சி எந்த ஊரு?"

"கிணத்துக்கடவு" என்றவன், சொல்லி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். "அப்ப காரமடை இல்லீங்களா? மேடம், நாலு நாளா அந்தத் தோசையைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, அது கொஞ்சம் முன்னாடியே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்."

*

உக்கடத்தைத் தாண்டுவதற்குள் ராமாமணி அம்மாள் இருமுறை அழைத்துவிட்டார். ஈச்சனாரிக் கோயில் வாசலில் நெரிசலில் சிக்கியிருந்தபோது மூன்றாம் முறை அழைத்தார்.

"எங்க கண்ணு இருக்கறீங்க? டிரைவர் வந்து நிக்கறான். ஆஸ்பத்திரியிலிருந்தும் கூப்பிட்டுட்டாங்க."

"வழியில இருக்கறோமுங்கம்மா. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. நாங்க நேரா அங்கயே வந்துடறோம்" என்றார் ஜெயக்கொடி.

"போறேன். ஆனாப் படுக்க மாட்டேன். நாற்காலியில உக்காந்திருப்பேன்."

கிளமென்ட் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். முன்னால் போன லாரியைத் திட்டினான். கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான். கிஷன் உயிரோடு இருந்தால் அந்தத் தாய்க்கு அவன் செய்திருப்பது துரோகம். இல்லையென்றால், மாலையில் அந்த நாற்காலிக்கு எதிரே நின்று அதைச் சொல்லப்போவது யார்? இரண்டில் எது நல்லது என்று அவனால் தேர முடியவில்லை.

கிணத்துக்கடவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் சாலை நெளியத் தொடங்கியது. ஏறினால் தொலைவில் காற்றாலைகள் சுழன்றன. இறங்கினால் தென்னைகள் வானத்தை மூடின. மறுபடியும் மேடு, மறுபடியும் பள்ளம். கிஷன் இந்தச் சாலையில் எதைக் கற்பனை செய்துகொண்டு மிதித்திருப்பான் என்பது கிளமென்ட்டுக்கு லேசாகப் புரிந்தது.

தோப்பு அமைதியாக இருந்தது. காய் வெட்டும் ஆட்கள் இல்லை, குவியல் இல்லை, ஏற்றிப்போக வண்டி இல்லை. மரங்களில் இளங்குலைகள் மட்டும் காற்றில் ஆடின.

"ஒரு தோப்புல காய் வெட்டினா ஒண்ணு ரெண்டு நாள்ல முடிஞ்சுபோகும். அப்புறம் ஒன்றரை மாசம் மரத்தைத் தொட மாட்டாங்க" என்றார் ஜெயக்கொடி தாழ்ந்த குரலில். "மாசம் முழுக்க தெனமும் வெட்டினா இங்க ஓலைகூட மிஞ்சியிருக்காது."

தோப்பு வீட்டிலிருந்து உர்ரென்று ஓர் ஓசை இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. கிளமென்ட் அதைக் கேட்டதும், பழக்கதோஷத்தில், மாவாட்டுகிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தான். பூனைநடை போட்டுச் சன்னலை நெருங்கி எட்டிப் பார்த்தான்.

சுவரில் பெரிய டிவி. அதில் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே சாலையொன்று நெளிந்து ஓடியது. அதற்கெதிரே, தாங்கியில் பூட்டிய மிதிவண்டியின் மேல், முதுகு நனைந்த சுடிதாரில் குள்ளமான ஒரு பெண் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னனுங்களா மேடம்?" என்று கிசுகிசுத்தான் வெற்றிப் பெருமிதத்தோடு. "இன்னொரு அம்மணி!"

ஜெயக்கொடி கதவை இருமுறை தட்டினார். "ஹாரிகா, கதவைத் தொறங்கம்மா. உங்க மாமியார் அனுப்பி வந்திருக்கோம்."

உர்ரென்ற ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. பிரான்ஸ் தேசத்துச் சாலை நின்றது. கிளமென்ட் திறந்த வாயை மூட மறந்து நின்றான்.

*

கதவுக்குப் பின்னாலிருந்த கட்டிலில் கிஷன் சாய்ந்திருந்தான். வலது கை தோளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. தாடையின் ஒரு பக்கம் இன்னும் வீங்கியிருக்க, பற்களின் மேல் கம்பிகள் மின்னின. ஆறடி உடம்பில் பாதிதான் மிச்சமிருப்பது போலிருந்தது. பக்கத்தில் ராகிக் கஞ்சி, உறிஞ்சுகுழலோடு.

"பிளைட்டுக்கு முந்தின நாளுங்க" என்றாள் ஹாரிகா. மூச்சு இன்னும் வாங்கியது. "அத்தைகிட்டச் சொல்லிக்கிட்டு முன்னாடியே கெளம்பி, கடைசியா ஒரு ரவுண்டுன்னு இந்த ரோட்டுக்கு வந்தாரு. காத்துல ஒரு தென்னமட்டை முன்னாடி வந்து விழுந்துருச்சு. காறை எலும்பு போச்சு, தாடை போச்சு. வாயைத் தொறக்க முடியாதபடி கம்பி போட்டு வெச்சிருக்காங்க, இன்னும் பிரிக்கல. அத்தைக்கு அந்த வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தாரு, எந்த அதிர்ச்சியும் ஆகாதுன்னு. என்ன பண்றதுன்னு தெரியலீங்க. பிரான்ஸ் போயிட்டாருன்னே இருக்கட்டும், ஆபரேஷன் முடியட்டும்னு இவரு நெட்டுல இருந்து போட்டோ எடுத்து அனுப்பினாரு, மெசேஜ் போட்டாரு..."

"கோடு வரலைன்னா அவங்களுக்குச் சந்தேகம் வரும்னு நீங்களே மிதிச்சீங்க" என்று முடித்தார் ஜெயக்கொடி. "இதுக்கு முந்தி சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?"

"எட்டாவது படிக்கறப்பங்க. கேர்ள்ஸ் சைக்கிள்."

கிஷன் இடது கையால் கைப்பேசியில் எதையோ தட்டிக் கிளமென்ட்டிடம் நீட்டினான். கிளமென்ட் உரக்கப் படித்தான். "'மேட்டில் கியர் மாற்றச் சொன்னால் கேட்பதே இல்லை.'"

"பாத்தீங்களா? இந்த நெலமையிலயும் இவருக்குக் கியருதான்! நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். ரோடு ஓயவே மாட்டேங்குது. ஒண்ணு எறங்கினா இன்னொண்ணு ஏறுது. ராத்திரி கண்ணை மூடினாலும் காலு மிதிச்சுக்கிட்டே இருக்குதுங்க." அவள் குரல் உடைந்தது. "இன்னும் ஒரே நாளுதானே. நீங்க அத்தைகிட்ட, பையன் பிரான்ஸ்ல நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கிளமென்ட் ஜெயக்கொடியைப் பார்த்தான். சொல்லிவிடலாமே என்றுதான் அவனுக்கும் தோன்றியது. ஒரே ஒரு நாள். ஒரே ஒரு வார்த்தை.

"உங்க மாமனார் தவறினப்ப, மாமியாரை மதுரைக்கு எப்படிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு தெரியுமாம்மா?"

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்திங்க அது."

ஜெயக்கொடி நான்கே வாக்கியங்களில் சொன்னார். லேசான காய்ச்சல். வழிநெடுகச் சிரிப்பு. மாலை. "இப்ப அவங்க ஆஸ்பத்திரியில நாற்காலியில உக்காந்திருக்காங்க. மகன் செத்துட்டான், நல்ல மனசோட எல்லாரும் மறைக்கறாங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் போயி நல்லா இருக்கான்னு சொன்னா, அன்னிக்குச் சொன்னவங்க மாதிரியே இருக்கும்."

ஹாரிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் கிஷன் கண்களை இறுக மூடியிருந்தான். அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் நினைவுக்கு வரவில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"இவரைப் பாத்து அவங்களுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றாள் ஹாரிகா.

"முதல்ல டாக்டர்கிட்டச் சொல்லுவோம். அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் கதவைத் தொறப்போம். அதுக்கு மேல நானும் உங்களை மாதிரிதான், பயந்துகிட்டுத்தான் நிப்பேன்."

கிஷன் கட்டிலிலிருந்து கால்களைக் கீழே போட்டான். இடது கையால் செருப்பைத் தேடினான். கிளமென்ட் ஓடிப்போய்க் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

*

ராமாமணி அம்மாள் சொன்னபடியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டாக்டர், அவருக்குப் பின்னால் ஒரு செவிலிப் பெண். கதவு திறந்தது.

தாய் மகனை அடிமுதல் முடிவரை பார்த்தார். கட்டுப்போட்ட தோள், வீங்கிய தாடை, கம்பிகள். டாக்டர் ஒரு கையை அரையங்குலம் முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிட்டயா கண்ணு?"

கிஷன் பூட்டிய பற்களுக்கு உள்ளேயிருந்து, வாய் திறவாமலே, "ம்மா" என்றான்.

அவ்வளவுதான். ராமாமணி கண்களை மூடிக்கொண்டார். அந்த ஒலி காதிலிருந்து இறங்கி நெஞ்சுக்குள் எங்கோ போய்ச் சேரும்வரை அப்படியே இருந்தார். ஜெயக்கொடி நடந்ததைச் சொல்லி முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மருமகளிடம் திரும்பினார்.

"அப்ப இத்தனை நாளா மிதிச்சது நீயா?"

"ஆமாங்க அத்தை." ஹாரிகா தலை குனிந்தாள். "தப்புத்தானுங்க."

"தப்பை ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அத்தனை பேக்கரி வந்துச்சே, ஒண்ணுல நின்னா என்ன கண்ணு?"

"நின்னா மறுபடி மிதிக்க முடியாதோன்னு பயமா இருந்துச்சுங்க அத்தை."

ராமாமணி அவளை இழுத்துத் தம்மருகே உட்காரவைத்துக்கொண்டார். அவளுடைய கால்களைச் சுடிதாரின் மேலாகவே தடவிப் பார்த்தார். டாக்டரை நிமிர்ந்து நோக்கி, "நான் படுத்துக்கறேனுங்க" என்றார்.

கட்டிலில் ஏறியபின் மறுபடியும் கூப்பிட்டார். "ஹாரிகா, நாளைக்கு நீ இங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காத. அதுக்கு எம்பையன் போதும். வியாழக்கிழமை பாதி மேட்டுல விட்டியே, எனக்கு அது இன்னும் நெஞ்சுக்குள்ளயே நிக்குது. அதைப் போயி ஏறி எறங்கிப்போடு."

*

மறுநாள் காலை, அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் சிவப்பு விளக்குக்கு எதிரே மூவர் அமர்ந்திருந்தனர். டேப்லெட் கிளமென்ட்டின் மடியில். ஒரு பக்கம் ஜெயக்கொடி, மறுபக்கம் கிஷன்.

சிவப்புக் கோடு, அறுந்த இடத்திலிருந்து மெல்லத் தலை நீட்டியது. ஏறியது. திணறியது. ஊர்ந்தது. கிளமென்ட்டின் முழங்கால் அதனோடு சேர்ந்து ஆடியது. கிஷன் இடது முஷ்டியை நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே இருந்தான். சட்டென்று கோடு வேகமெடுத்தது. கிஷன் அவசரமாகக் கைப்பேசியில் தட்டிக் காட்டினான்: 'கியர் மாத்திட்டா!'

உச்சி. பிறகு, இறக்கம். பிரான்ஸ் தேசத்து மேடொன்று கோயமுத்தூர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சர்ரென்று வழிந்து இறங்கியது. அடிவாரத்துச் சிற்றூரை எட்டியதும், கோடு நின்றுவிட்டது.

கிளமென்ட் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தான். "மேடம், மறுபடி கரண்ட்டு போயிருச்சுங்களா?"

"பெருசு பண்ணிப் பாரப்பா."

விரல்களால் விரித்துப் பார்த்தான். சதுக்கம், தேவாலயம், அதன் எதிரே ஒரு கடையின் சின்னம். பெயரை அவனால் வாசிக்க முடியவில்லை. சின்னம் ரொட்டி வடிவத்தில் இருந்தது.

அப்போது சிவப்பு விளக்கு அணைந்தது. முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்த டாக்டர் தலையசைத்தார். "நல்லபடியா முடிஞ்சதுங்க. கண்ணு முழிக்க நேரமாகும்."

கிஷன் எழ முயன்று, முடியாமல், ஜெயக்கொடியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கிளமென்ட் திரை அணைந்துவிடாதபடி ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இருந்தான். அந்த அம்மாள் கண் விழிக்கும்போது, கோடு பேக்கரி வாசலிலேயே நிற்க வேண்டும்.